அம்மா கைநாட்டு வைக்குமுன்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். அம்மாவுக்கு 63 வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 36 வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசும் சேவைக்காலப் பணமும் கணக்கில் விழுந்து எட்டு மாதமாகிறது. ஏ.டி.எம். காட் தம்பியிடம். வீட்டுச் செலவுக்கு என்று சொல்லியே நாலு இலட்சத்துக்கு மேல் எடுத்துவிட்டான். த்ரீவீலர் ஒன்றுக்கு முற்பணமும் கட்டியாயிற்று. இப்போது "ஒரு கையெழுத்துத்தானே" என்று அம்மாவை ஹட்டனில் சொத்துப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கூட்டிப்போக நாள் பார்க்கிறான். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணியும் வீடும் அம்மா பெயரில் இருக்கின்றன. நீங்கள் கொழும்பில் வேலை செய்கிறீர்கள். அம்மாவின் காசைச் சட்டப்படி எப்படிக் காப்பாற்றுவது, தம்பியை எப்படித் தடுப்பது, முதியோர் உரிமைச் சட்டம் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "அம்மா பொலிசுக்கு வரமாட்டா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வியாகப் படுகிறது.

நான் இலங்கை மலையகத்து நீதிமன்றங்களில் இருபத்தாறு வருடமாகச் சட்டத்தரணி, நொத்தாரிஸ் வேலையும் பார்க்கிறேன். லயத்துக் காம்பராவில் பிறந்தவன், என் அம்மாவும் கொழுந்துக்காரி. அதனால் கசப்பான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா புத்தித் தெளிவோடு இருக்கும்வரை காசு அவருடையது. அதை மகனுக்குக் கொடுக்கவும் கோயிலில் போடவும் அவருக்கு உரிமை உண்டு. மகள் என்ற முறையில் உங்களுக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் எதையும் சட்டம் தரவில்லை. நீங்கள் பொலிசில் முறைப்பாடு கொடுத்து, விசாரணையில் அம்மா "நான்தாங்க எடுத்துக்கச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். அப்படி முடிந்ததை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே நான் கீழே சொல்லும் ஒவ்வொரு வழியும் அம்மாவின் சம்மதத்தில்தான் நிற்கும். தம்பிக்கு எதிராக அவரை நிறுத்த முயன்றால் தோற்பீர்கள். அவருடைய காசை அவர் கையிலேயே திருப்பி வைக்க முயன்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

அடுத்தது, அந்தக் "கையெழுத்து". சில கையெழுத்துகளைத் திரும்ப எடுக்க ஒரு காலைப்பொழுது போதும். சிலவற்றை எடுக்க மாவட்ட நீதிமன்றப் படிகளில் வருடக்கணக்கில் ஏறி இறங்க வேண்டும், அப்போதும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. தம்பி நீட்டும் கடதாசி எந்த வகை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரியவில்லை. நொத்தாரிசிடம் போவதென்றால் வெறும் பேங்க் படிவமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அம்மாவுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமாக இருக்கலாம், வீட்டின் நன்கொடை உறுதியாக (பத்திரமாக) இருக்கலாம், வீட்டை வைத்துக் கடன் எடுக்கும் ஈட்டு உறுதியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஆபத்தின் அளவு வேறு. ஆகவே முதல் வேலை அந்தக் கடதாசி என்ன என்று அறிவது. அதுவரை அம்மா ஹட்டனுக்குப் பஸ் ஏறக்கூடாது. மழை, கால்வலி, அமாவாசை, எதைச் சொல்லியாவது நாளைத் தள்ளுங்கள்.

ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எழுபது தாண்டிய ஓர் அம்மாவைப் பேரன் என் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தான். உறுதி முதலே டைப் பண்ணி வந்திருந்தது, சிங்களத்தில். என் குமாஸ்தா அவசரப்பட்டு அந்த அம்மாவின் பெருவிரலில் மையும் தடவிவிட்டான். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல் அது. ரேகை தேய்ந்து போனதால் இரண்டு தரம் அழுத்தினால்தான் பதியும். பேரனைக் கீழே பிளேன்டீ குடிக்க அனுப்பிவிட்டு, "என்னத்துக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டேன். "பேங்குல பேரு மாத்தணும்னு தம்பி கூட்டியாந்துச்சுங்கய்யா" என்றார். அது நன்கொடை உறுதி, வீடும் காணியும் பேரனுக்கு. வாசித்துத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் எங்கங்கய்யா இருக்கிறது?" என்று கேட்டார். பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வாசிக்கத் தெரியாதவருக்குச் சாட்சிகளின் முன்னால் ஆவணத்தை வாசித்து விளக்க வேண்டும் என்பது நொத்தாரிஸ் கட்டளைச் சட்டத்தின் கட்டாயம். நான் செய்ததில் பெருமைக்கு இடமில்லை. ஆனால் எல்லா அலுவலகத்திலும், எல்லா வெள்ளிக்கிழமையிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று உங்களுக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது.

வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைவிட்டுப் போனால் திரும்பாதது அதுதான். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற எழுத்து வேண்டும், நொத்தாரிஸ் வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். வாய்ச்சொல்லில் "வீடு உனக்குத்தான்டா" என்று அம்மா நூறு தரம் சொல்லியிருந்தாலும் காணி நகராது, ஆகவே அந்தப் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நன்கொடை உறுதியில் கைநாட்டு வைத்து மகன் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், பொதுவாக அதைத் திரும்பப் பெற முடியாது. பெற்றவன் கடும் நன்றிகேடாக நடந்தால் ரத்துச் செய்யலாம், அதற்கும் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து எழுதிய ரத்துக் காகிதம் ஒன்றும் உதவாது. இணையத்தில் தமிழில் தேடினால் "பெற்றோரைக் கவனிக்காவிட்டால் எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்கலாம்" என்று நிறைய வரும். அது இந்தியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் அதன்படி எத்தனையோ பத்திரங்கள் ரத்தாகியிருக்கின்றன. நம் நாட்டு முதியோர் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இதை நம்பி ஏமாந்து வருபவர்கள் என்னிடம் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

வீட்டை மகனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் உண்மையான ஆசையென்றால், அதற்கும் பத்திரமான வழி உண்டு. உறுதியில் தனக்குச் சீவிய உருத்தை ஒதுக்கிக்கொண்டு எழுதலாம். அப்படி எழுதினால் அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டிலிருந்து அவரை யாரும் எழுப்ப முடியாது. ரத்துச் செய்யும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டும் எழுதலாம். இரண்டையும்விட நான் விரும்புவது இறுதி விருப்பாவணம், அதாவது உயில். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் போதும். நொத்தாரிஸ் இல்லாமல் ஐந்து சாட்சிகளோடும் எழுதலாம், ஆனால் நம் குடும்பச் சண்டைகளுக்கு அந்த ஐந்து பேரைப் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மனம் மாறினால் அம்மா புதிதாக ஒன்றை எழுதிவிடலாம். அவர் கண்மூடும்வரை வீடு அவருடையதே. ஒன்றுமே எழுதாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது, பொதுச் சட்டம்தான். அப்பா இப்போது இல்லையென்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு வரும். இதில் ஒரு "ஆனால்" இருக்கிறது. வீட்டுத் திட்ட உறுதிகளில் கைமாற்றம் பற்றிய நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கலாம், உங்கள் உறுதியைக் கண்ணால் பார்க்காமல் இந்தப் பந்தியில் சொன்னதை முடிந்த முடிவாக எடுக்காதீர்கள். அசல் உறுதி இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். தகரப்பெட்டிக்குள் இல்லையென்றால் அதுவே ஒரு செய்தி. அம்மா விரும்பினால் காணிப் பதிவகத்தில் தன் பெயரில் ஒரு கேவியட் போட்டு வைக்கலாம். அந்தக் காணியைத் தொடும் உறுதி ஏதும் பதிவுக்கு வந்தால் அவருக்கு அறிவித்தல் வரும்.

அற்றோணித் தத்துவம் அடுத்தது. "அம்மாவால நடக்க முடியல, அவங்களுக்காக நான் பேங்க் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லி எடுப்பது இதைத்தான். நல்ல பிள்ளையின் கையில் இது ஊன்றுகோல். பொதுத் தத்துவமாக எழுதினால் காணி விற்பது வரை எல்லாம் அதற்குள் வந்துவிடும். அம்மா நினைத்தால் ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, பேங்குக்கும் எழுத்தில் அறிவிக்கலாம். அறிவிக்காமல் விட்டால் அதற்குள் நடந்துவிட்ட கொடுக்கல் வாங்கலைக் கலைப்பது கஷ்டம். அம்மா இறந்தால் தத்துவம் அதோடு முடியும், புத்தி பேதலித்தாலும் செல்லாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "பின்னாளில் மறதி வந்தால் உதவும்" என்று எழுதி வாங்குகிறார்கள், அந்த நாள் வரும்போது அது வெறும் கடதாசி. மறதி நோய் முற்றியவருக்கு ஒரே சட்ட வழி, குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 556 ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, வைத்திய சாட்சியத்தோடு ஒரு முகாமையாளரை நியமிப்பது. பணமும் பிடிக்கும், காலமும் பிடிக்கும். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை என்றே உங்கள் எழுத்துச் சொல்கிறது. அப்படியென்றால் இப்போதுதான் எல்லாவற்றையும் சரிசெய்யும் காலம்.

இனி காசு. இது எளிது, இந்தக் கிழமையே செய்யலாம். அம்மா அடையாள அட்டையோடு தன் கிளைக்கு நேரில் போய் ஏ.டி.எம். காட்டை ரத்துச் செய்யட்டும். பாஸ்புக்கோடு நேரில் வந்து கைநாட்டு வைத்தால் மட்டுமே காசு என்று வைத்துக்கொள்ளட்டும். மீதியில் பெரும்பகுதியைத் தன் தனிப்பெயரில் நிலையான வைப்பில் போட்டு, மாத வட்டி பாஸ்புக் கணக்குக்கு வருமாறு செய்யலாம். "மகன் கேட்கிறான்" என்றால் "பேங்கில் கட்டி வைத்திருக்கு" என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு வாய் கிடைக்கும், அது சின்ன விஷயமில்லை. ஆனால் நிலையான வைப்பை வைத்துக் கடன் எடுக்கலாம் என்பது தம்பிக்கும் தெரியும். அதற்கும் அம்மாவின் கைநாட்டு வேண்டும் என்பதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள். பேங்கில் பதிந்திருக்கும் போன் நம்பரையும் பாருங்கள். அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தவன் தம்பியென்றால் சிம்மும் அவன் பெயரில் இருக்கும், குறுஞ்செய்தியும் இரகசிய எண்ணும் அவனுக்கே போகும். நம்பரை மாற்றாமல் காட்டை மட்டும் ரத்துச் செய்வது முன்கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைப்பது போல. பின்னுரித்தாளராக யாரையும் போடலாம், அவருக்கு அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் காசு. கூட்டுக் கணக்கு அப்படியில்லை. யாரோடு கூட்டுக் கணக்கு வைத்தாலும் அவருக்கு இன்றே கை வைக்க வழியுண்டு. உங்களோடு வைத்தாலும் அதே கதைதான், கோபிக்காதீர்கள். தம்பி நாளை "அக்காதான் அம்மாவை ஏமாற்றினா" என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

வந்த தொகை சரிதானா என்றும் பார்த்துவிடுங்கள். நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் என்பது, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால் 36 வருடத்துக்கு 6,80,400 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்க வேண்டும். ஈ.பி.எப். தனி, அது 8 வீதம் அம்மாவின் சம்பளத்திலிருந்தும் 12 வீதம் தோட்டத்திலிருந்தும் சேர்ந்தது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எப். இன்னொரு 3 வீதம், அதைக் கேட்டு வாங்கவே மறந்து போனவர்கள் உண்டு. நான் பார்த்தவற்றில் பல கோளாறுகள் காசு வருமுன்பே தொடங்கியவை. அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், ஈ.பி.எப். பி காட்டில் ஒரு பெயர். இராமாயியும் ராமாயியும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, ஜே.பி. (சமாதான நீதவான்), தொழில் காரியாலயம் என்று அலைய யாராவது ஓர் ஆள் வேண்டும். அலைந்தவனே கணக்கையும் திறக்கிறான், காட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறான். உங்கள் வீட்டில் அலைந்தது தம்பி என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவனுக்கும் ஒரு நியாயம் மனதில் இருக்கும்.

குற்றவியல் வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஐயாயிரம் எடுத்து வா என்று நம்பிக் கொடுத்த காட்டில் ஐம்பதாயிரம் எடுத்தால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம் பிரிவு சொல்லும் நம்பிக்கை மோசடிக்குள் வரக்கூடும். பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் ஏமாற்றுதல். ஆனால் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி மகனைக் கைகாட்ட வேண்டும், அவர் ஏறமாட்டார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எதற்கும் பேங்கிலிருந்து இந்த எட்டு மாதக் கூற்றை அம்மா வாங்கி வைத்துக்கொள்ளட்டும், வழக்குக்குப் போகாவிட்டாலும் தம்பியோடு பேச அது வேண்டும். அடி, மிரட்டல், குடித்துவிட்டுக் காசு கேட்டுக் கதவை உதைப்பது என்று ஏதாவது இருந்தால் நிலைமை மாறுகிறது. அச்சுறுத்திப் பறித்தலும் குற்றமுறு அச்சுறுத்தலும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. நீதவான் நீதிமன்றம் உடனடியாக 14 நாள் வரை இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் தரலாம். அம்மாவின் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். இது யாரையும் சிறைக்கு அனுப்பும் வழக்கு இல்லை என்பதால் தாய்மார் இதற்குச் சம்மதிப்பதைக் கண்டிருக்கிறேன்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 60 வயது தாண்டியவர் தன்னைப் பராமரிக்க வழியில்லாவிட்டால், பிள்ளைகள் மாதாந்தம் காசு கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட அங்கே ஒரு பராமரிப்புச் சபை இருக்கிறது. அது சோற்றுக்கு வழி செய்யும் சட்டம், போன காசை மீட்டுத் தராது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் அம்மாவைப் பதிந்து முதியோர் அடையாள அட்டை எடுத்து வையுங்கள். அந்த உத்தியோகத்தர் வீட்டுக்கு ஒருமுறை வந்து போனாலே சில தம்பிமார் அடங்கிவிடுவார்கள்.

என் யோசனை இதுதான். த்ரீவீலர் என்பது தோட்டத்தில் வேலையில்லாத பையனுக்குப் பிழைப்பு. அவனைக் கள்ளன் என்று எழுத எனக்கு மனமில்லை. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவனாகத்தான் இருக்கும். அம்மா உதவ விரும்பினால் ஒரு தொகையை முடிவு செய்து, கடனா கொடையா என்று எழுதிக் கொடுக்கட்டும், அதோடு நிற்கட்டும். லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். மகன் தவணை கட்டாவிட்டால் கம்பனி தேடி வருவது அம்மாவின் வைப்பைத்தான். வீட்டுக்குள் பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அங்கே எழுதப்படும் இணக்கத்துக்கு, தோட்டத் தலைவர் வீட்டுத் திண்ணையில் பேசியதைவிட எடை அதிகம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.

போயா விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து லீவு போட்டு நீங்கள் ஊருக்குப் போவது நல்லது. தம்பி இல்லாத நேரத்தில் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு தம்பி சொன்னானா?" அதற்கு அவர் சொல்வதையும், முடிந்தால் கடதாசியின் முதல் பக்கத்தைப் பெயர், இலக்கங்களை மறைத்துப் படமெடுத்தும் இங்கே போடுங்கள். அது அற்றோணித் தத்துவமா, நன்கொடையா, ஈடா என்று அதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.